அடுத்த டிசம்பர் வரை செல்லும்

எங்கள் அலுவலகத்தில் தவறு என்று ஒன்று நடக்கவே முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, விதி அப்படி. வாசலில் எடை அளவு முத்திரை அலுவலகம் என்று பலகை இருக்கும். கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை தங்கள் தராசையும் எடைக்கல்லையும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் வரிசையில் நிற்பார்கள். நாங்கள் எங்களுடைய சோதனைக் கல்லை வைத்துப் பார்ப்போம். சரியாக இருந்தால் தராசில் இருக்கும் சின்னத் துளையில் ஈயத்தை அடைத்து, அதன்மேல் அந்த வருஷத்து முத்திரையைச் சுத்தியலால் தட்டிக் கொடுப்போம். அதிலிருந்து பன்னிரண்டு மாதம் அந்தத் தராசு சரி. நடுவில் அது தப்பாக நிறுத்தால் தராசு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது பத்தொன்பதாம் விதி. தராசு தானாகக் கெட்டுப்போகும் என்று ஒப்புக்கொண்டால் நாங்கள் அடித்த முத்திரைக்கு என்ன மரியாதை?

இந்த விதியை ஒரு மனுஷர்மேல் பிரயோகித்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். நான் அங்கே தட்டச்சர். எல்லாக் கடிதமும் என் விரல் வழியாகத்தான் போயிற்று. அதனால் கதையில் எனக்கும் பங்கு உண்டு. நல்ல பங்கு என்று சொல்ல முடியாது.

முத்திரைக் கூடத்தில் ஈயம் தட்டுகிறவருக்கு அரைக்கிராம் என்று பெயர் வைத்திருந்தோம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கல்லைக் கையில் வாங்கினாலே எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவார். பிறகு தராசில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். அரைக் கிராம் குறைந்தாலும் தட்டமாட்டார். கடைக்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடுவார்கள். "தட்டிட்டா அப்புறம் அது என் பேச்சுங்க. நான் எப்படிங்க மாத்திப் பேசறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குக் கை நீட்டிவிடுவார்.

அந்த வருஷம் நடுவில் அவருக்கு என்னவோ ஆயிற்று. யாரும் சாகவில்லை, எதுவும் தொலையவில்லை. சுத்தியலை ஓங்கியபடி பத்து நிமிஷம் நிற்பார். கண்ணிலிருந்து தண்ணீர் வழியும், அதை அவர் கவனிக்கவே மாட்டார். கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

பழைய நாளாக இருந்தால் இதற்கு ஒரு நடைமுறை இருந்தது. மரை கழண்டுபோச்சு என்று ஒரே வார்த்தையில் முடித்து, ஆளைப் பின்பக்கத்துச் சாமான் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு முன்னால் ஒரு எழுத்தர் அங்கே ஒன்பது வருஷம் பீரோவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு முழு ஓய்வூதியத்தோடு போனார். பதினோரு மணிக்கு டீ போகும். பீரோவுக்கும் ஒரு டம்ளர் வைக்கச் சொல்வார், வைப்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், அவர் பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் விஷயம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அது நல்ல காலம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குணமாகித்தான் தீரவேண்டும் என்று யாரும் அவரைக் கழுத்தைப் பிடிக்கவில்லை.

இப்போது நாகரிகம் வந்துவிட்டது. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மனமும் ஓர் உறுப்பே, அது பழுதாவதில் வெட்கம் இல்லை, ஆகவே ஒவ்வோர் அலுவலகமும் இந்த ஆண்டு முடிவதற்குள் குறைந்தது ஒரு மனப்பழுதைக் கண்டறிந்து, நீக்கி, அறிக்கை அனுப்பவேண்டும். உடனே எங்களிடம் மனநலக் குழு உருவாயிற்று. தலைவர் துணை இயக்குநர். செயலர், அதுவரை குடிதண்ணீர்த் தொட்டியையும் விளையாட்டுப் போட்டியையும் கவனித்துக்கொண்டிருந்த நல அலுவலர் அம்மாள். முதல் கூட்டத்தில் பைத்தியம், கிறுக்கு, மரை கழண்டது ஆகிய சொற்களைத் தடைசெய்தார்கள். அதனால் நிஜமாகவே மரை கழண்ட தராசுகளின் அறிக்கையில் "திருகாணி ஓய்வு தேவைப்படும் நிலையில் உள்ளது" என்று நான் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாவது கூட்டத்துக்கு அரைக்கிராமைக் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னதிலேயே அவர் பாதி பயந்துவிட்டார்.

"பயப்படாதீங்க. நாங்க இப்ப ரொம்ப மாறிட்டோம்," என்றார் துணை இயக்குநர். "மனசு விட்டுச் சொல்லுங்க. என்ன செய்யுது?"

"சொல்லத் தெரியல சார். நெஞ்சு மேல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

"எத்தனை கிலோ?"

வேறு அலுவலகமாக இருந்தால் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. அரைக்கிராம் கண்ணை மூடி, கல்லைக் கையில் வாங்கும்போது யோசிப்பது மாதிரியே யோசித்தார். "இருபது இருக்கும் சார்."

"மொத்த எடையா, நிகர எடையா?" என்று நல அலுவலர் அம்மாள் கேட்டார்.

"எடுத்து வச்சுப் பாக்க முடியலீங்களே அம்மா."

மனச்சுமை இருபது கிலோ, நிகரம் என்று நான் தட்டினேன். துணை இயக்குநருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா? பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க எல்லாம் இதை அளக்க முடியலன்னு உக்காந்திருக்காங்க. நம்ம ஆபீஸ் ஒரே நிமிஷத்துல அளந்துடுச்சு!"

ஊழியர் மருத்துவமனைக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார்கள். மாதாமாதம் அந்தக் கடிதம் இருந்தால்தான் அங்கே டாக்டரைப் பார்க்க முடியும், மாத்திரை வாங்க முடியும். டாக்டர் தூக்கம் கெட்ட முகத்தோடு இருந்தாலும் நல்ல மனுஷர். இது மனச்சோர்வு என்கிற வியாதி, ஆறு மாதம் மாத்திரை சாப்பிடவேண்டும், நடுவில் சரியானது மாதிரி இருக்கும், அப்போது நிறுத்தினால் மறுபடி கீழே இழுத்துவிடும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அரைக்கிராமோடு கூடப் போன அவர் மனைவி மறுநாள் என் மேஜைக்கு வந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவர். "அண்ணே, இது வியாதின்னு முதல் தடவையா ஒருத்தர் சொன்னாரு. எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு. நான் இத்தனை நாளா இவர் எம்மேல கோவமா இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு, நானும் பேசாம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்." அந்த அம்மாளைப் பார்த்தபோது சுற்றறிக்கை எழுதினவரைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

மாத்திரை ஆரம்பித்த ஆறாவது வாரம் டிசம்பர் பிறந்திருந்தது. அரைக்கிராம் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது யாரோ சொன்னதற்குச் சிரிக்கவும் சிரித்தார். நல அலுவலர் அம்மாள் பாய்ந்துபோய் அதைப் போட்டோ எடுத்தார். அறிக்கை அனுப்ப மூன்று வாரம்தான் பாக்கி.

முத்திரைக் கூடத்திலேயே விழா வைத்தார்கள். டாக்டரைக் கூப்பிடவில்லை, அவர் ஆறு மாதம் என்று எதையாவது பேசிவிடுவார். துணை இயக்குநர் பேசினார்.

"முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு தராசுகிட்டயாவது போய் உனக்கு எப்படி இருக்குன்னு நான் கேட்டதில்ல. கேக்கவும் கூடாது. கேட்டா அது ஆயிரம் சொல்லும். கல்லை வைக்கணும், முள்ளைப் பாக்கணும், முத்திரை அடிக்கணும். மனுஷனும் அப்படித்தான்னு இன்னைக்கு விஞ்ஞானமே சொல்லிடுச்சு. இதுக்கு ஆறு மாசம் ஆகும்னு சில பேர் சொல்றாங்க. ஆறு மாசம்னா ஏப்ரல் வந்துடும். அறிக்கையை டிசம்பர்ல கேக்கறாங்க. வியாதிக்காக வருஷத்தை நீட்ட முடியுமா? நாமதான் வியாதியைச் சுருக்கணும்."

கைதட்டல் ஓய்ந்ததும் அரைக்கிராமை மேடையில் ஏற்றினார்கள்.

"இப்ப எத்தனை கிலோ? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"அஞ்சு, அஞ்சரை இருக்கும் சார்."

கூடத்தில் சலசலப்பு. துணை இயக்குநர் கொஞ்சமும் அசரவில்லை. "அஞ்சரை கிலோ எல்லாருக்கும் இருக்கும்யா. எனக்கே இருக்கும். அது பாத்திரத்தோட எடை. கழிச்சுடுங்க."

கழித்தோம். பூஜ்யம் வந்தது. சான்றிதழில் அதைத் தட்டினேன். கீழே வழக்கமான வரி: அடுத்த டிசம்பர் வரை செல்லும்.

சட்டைப் பொத்தானில் தொங்கவிடுவதற்கு ஒரு நூலில் ஈய வில்லை தயாராக இருந்தது. அதில் முத்திரையைத் தட்டவேண்டியவர் அரைக்கிராம்தான், வேறு ஆள் கிடையாது. அவர் வில்லையையும் சுத்தியலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அஞ்சரை இருக்கு சார். தட்டக்கூடாது," என்றார். துணை இயக்குநர் சிரித்துக்கொண்டே சுத்தியலைப் பிடுங்கித் தானே ஓங்கினார். முதல் அடி அவர் கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவது அடி முத்திரையில் விழுந்தது. அடுத்த வாரம் வாசல் சுவரில் ஆளுயரச் சுவரொட்டி ஒட்டினார்கள். டீ டம்ளரோடு அரைக்கிராம் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே, "நான் சரியாகிவிட்டேன். நீங்கள்?"

மாதக் கடைசியில் மாத்திரைக்குக் கடிதம் கேட்டு அவர் நல அலுவலர் அம்மாளிடம் போனார்.

"உங்களுக்கு எதுக்குங்க மாத்திரை? நீங்க பூஜ்யம்."

"டாக்டர் ஏப்ரல் வரைக்கும்னு சொன்னாருங்க."

"அவர் ரிப்பேர் பண்ணவரு. ரிப்பேர் பண்ணவர் பேச்சு செல்லாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? எத்தனை பேரை நீங்களே திருப்பி அனுப்பியிருக்கீங்க."

அது நிஜம். தராசைப் பழுது பார்ப்பவர் ஒருவர், சரி என்று சொல்பவர் வேறொருவர், இருவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. டாக்டரே கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். 'பழுது நீக்குநரின் சான்று ஏற்பதற்கில்லை' என்று பதில் அடித்தது நான்தான். வெளியே தனியார் டாக்டரிடம் கேட்டார்கள். முதல் சந்திப்புக்கே நான்கு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது எல்லோருக்கும் மனம் இருப்பது தெரிந்துவிட்டதால் கூட்டம் அதிகம்.

கையில் ஒன்பது மாத்திரை மிச்சம் இருந்தது. ஒருநாள் மத்தியானம் சோதனை அறைக்குள் போனேன். தூசு விழுந்தாலே முள் அசையும் தராசு ஒன்று அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் முன்னால் அரைக்கிராம் குனிந்து உட்கார்ந்திருந்தார். சவரப் பிளேடால் மாத்திரையை இரண்டாக வெட்டி, இரண்டு தட்டிலும் வைத்து, கனமான பாதியிலிருந்து துளித்துளியாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். முள் நடுவில் நின்றதும் இரண்டையும் எண்ணெய்க் காகிதத்தில் தனித்தனியாக மடித்தார்.

"நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு சார். நிறுத்தல. குறைச்சிருக்கேன்."

ஜனவரி நடுவில் அரை மாத்திரை கால் மாத்திரை ஆயிற்று. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கால். சாப்பாட்டு டப்பா மறுபடி திறக்காமல் வீட்டுக்குப் போக ஆரம்பித்தது. நல அலுவலர் அம்மாள் விசாரித்தபோது அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. "பன்னெண்டு ஆயிடுச்சுங்க," என்றார். அதோடு பத்தொன்பதாம் விதி எழுந்து நின்றது. முத்திரையிட்ட பொருள் பிழை காட்டுகிறது, ஆகவே யாரோ கைவைத்திருக்கிறார்கள். மனைவிக்கு அறிவிப்பு போயிற்று. அதையும் நான்தான் தட்டினேன்.

அந்த அம்மாள் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் விசாரணைக்கு வந்திருந்தார். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது.

"நாங்க முத்திரை போட்டு அனுப்பறப்ப பூஜ்யம்," என்றார் துணை இயக்குநர். "இப்ப பன்னெண்டுங்கறார். நடுவுல அவர் இருந்தது ரெண்டே எடம். ஆபீஸ், வீடு. ஆபீஸ்ல யாரும் கைவைக்கல."

"வீட்டுல யாரு சார் கை வச்சா? முதல்ல வந்தப்ப தானாத்தானே வந்துச்சு?"

"விதிப்படி தானா வராதும்மா."

"உங்க தராசு மழையில நனைஞ்சா துருப்பிடிக்காதா?"

துணை இயக்குநர் நியாயமாகவே கொஞ்சம் யோசித்தார். "துருப்பிடிச்சா, பிடிக்க விட்டவங்கதான் பொறுப்பு."

"அப்ப அவரை நோயாளின்னு எழுதிக் குடுங்க. நான் மாத்திரை வாங்கிக்கறேன்."

"அதுக்கு வழி இல்லியே. எங்ககிட்ட ரெண்டே முத்திரைதான். ஒண்ணு சரி. இன்னொண்ணு கழிவு. கழிவுன்னு போட்டா வேலையிலேர்ந்து எடுத்துடணும். போடட்டுமா?"

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "ஒண்ணு நல்லா இருக்காருங்கறீங்க. இல்லாட்டி நான் கெடுத்துட்டேங்கறீங்க. அவருக்கு உடம்பு சரியில்லன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லமாட்டேங்கறீங்க. காலைல நான் வேலைக்குப் போறப்ப கத்தி, கயிறு எல்லாத்தையும் ஒரு பையில போட்டுப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன் சார். அந்தப் பையை எந்தத் தராசுல வப்பீங்க?"

துணை இயக்குநர் என் பக்கம் திரும்பி, "கடைசியில சொன்னது வேண்டாம்," என்றார். நான் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். விரல் விசைமேல்தான் இருந்தது.

விசாரணை முடிவை நிறுத்தி வைத்தார்கள், ஏனென்றால் பிப்ரவரி கடைசியில் பெரிய இயக்குநர் வருவதாக இருந்தது. எங்கள் அறிக்கை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அரைக்கிராமை நேரில் பார்க்கவேண்டும் என்றாராம். முந்தின நாள் துணை இயக்குநர் அரைக்கிராமின் தோளில் கைபோட்டு வராந்தாவில் நடத்திக்கொண்டு போனார். நான் பின்னாலேயே கோப்போடு போனேன்.

"நாளைக்கு எத்தனைன்னு கேப்பார். பன்னெண்டுன்னு சொன்னீங்கன்னா உங்க வீட்டம்மா மேல நடவடிக்கை. இல்ல, தானாவே வந்துச்சுன்னு சொன்னீங்கன்னா கழிவு. உங்களுக்குப் பொண்ணு படிச்சுக்கிட்டு இருக்குல்ல? யோசிச்சுக்குங்க. நான் எதையும் கட்டாயப்படுத்தல. அதெல்லாம் பழைய காலம்."

பெரிய இயக்குநர் சுவரொட்டிக்கு முன்னால் நின்று சுவரில் இருந்தவரையும் தரையில் இருந்தவரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சுவரில் இருந்தவர் நன்றாக இருந்தார்.

"எத்தனை கிலோப்பா?"

அரைக்கிராம் கண்ணை மூடினார். இருபத்திரண்டு வருஷம் அரைக் கிராம் குறைந்த கல்லைத் திருப்பிக் கொடுத்த மனுஷர். எனக்குள் பன்னிரண்டு என்று சொல்லிவிடக்கூடாதே என்று ஒரு மனசு, சொல்லிவிடட்டுமே என்று ஒரு மனசு.

"பூஜ்யம் சார்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் கால்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். கையில் ஒன்றுமே இல்லை.

பெரிய இயக்குநர் அங்கேயே உத்தரவு போட்டார். "ஒருத்தருக்கு முடியும்னா எல்லாருக்கும் முடியும். வியாதி வந்தப்புறம் முத்திரை போடறது பழைய முறை. வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டா ஒரு வருஷத்துக்கு யாருக்கும் வராது பாருங்க." ஒரு மாதத்துக்குள் முப்பத்தொரு ஊழியருக்கும் முத்திரை. தட்டுவது அரைக்கிராம்.

கூடத்தில் கடைக்காரர்கள் நிற்கும் அதே வரிசையில் நாங்கள் நின்றோம். துணை இயக்குநர் முதல் ஆளாக நின்று, கேட்பதற்கு முன்பே பூஜ்யம் என்றார். கணக்காளர் பூஜ்யம். போன வருஷம் மகனைப் பறிகொடுத்த ஓட்டுநர், நாலைந்து வினாடி நின்று, பூஜ்யம். நல அலுவலர் அம்மாள் ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் குறித்துக்கொண்டே வந்தார். அரைக்கிராம் தலையை நிமிர்த்தாமல் தட்டிக்கொண்டே வந்தார்.

என் முறை வந்தது. அந்த விசாரணை நாளுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாலே விரல் மரத்துப்போகிறது. சோறு மண் மாதிரி இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. வில்லையை வாங்குவதற்கு நீட்டிய என் கையை அரைக்கிராம் ஒரு கணம் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் கொடுத்த கல்லை ஏந்துவது மாதிரி லேசாக மேலும் கீழும் அசைத்தார். தலையைக் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஏழு, ஏழரை இருக்கும் சார்," என்றார்.

"எத்தனை? சத்தமா சொல்லுங்க," என்றார் நல அலுவலர் அம்மாள்.

எனக்கு இன்னும் முத்திரை விழவில்லை. ஏழரை என்று சொல்லியிருந்தால் விதிப்படி எனக்குக் கடிதம் கொடுத்தே தீரவேண்டும். டாக்டரைப் பார்த்திருக்கலாம். அவரிடம் அரைக்கிராமின் கதையை முழுசாகச் சொல்லியிருக்கலாம். அப்புறம் என் போட்டோவும் சுவரில் ஏறும், என் வீட்டுக்கும் அறிவிப்பு வரும். அதை அடிக்கப்போவது யார்?

"பூஜ்யம்," என்றேன்.

அரைக்கிராம் தட்டினார். வில்லையை என் சட்டைப் பொத்தானில் மாட்டிவிடும்போது பையில் எதையோ நழுவவிட்டார். மேஜைக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். எண்ணெய்க் காகிதத்தில் மடித்த ஒரு துண்டு. கால் மாத்திரை, சுற்றிலும் ஒழுங்காகச் சுரண்டியிருந்தது.

எழுந்து கூடத்துக்கு ஓடினேன். வரிசை முடிந்துவிட்டிருந்தது. அவர் சிந்திய ஈயத்தைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது கடைசியா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். "அப்ப உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு சார்?" என்றார், நிமிராமலே. "நான் பூஜ்யமாச்சே."